ஃபேன்சி நம்பரும் ஒற்றைக் கோடு சிக்னலும்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். புதுச்சேரி கிருமாம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ், ஆரி வேலைதான் முக்கிய வருமானம். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு கம்பெனியில் ஃபேன்சி நம்பர் வாங்கினேன். ஒரு வருடம் மாதம் 750 ரூபாய் போஸ்ட்பெய்ட் திட்டத்திலேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் மீதி மாத வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. கடை போர்டு, துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்த நம்பரைப் போட்டுவிட்டேன். ஆனால் கடைக்குள் டவரே கிடைப்பதில்லை. ரோட்டுக்கு வந்தால் ஒரு கோடு. கூப்பிடுகிறவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வருகிறதாம். விற்க வந்த பையன் "கிருமாம்பாக்கத்துல ஃபுல் டவர்க்கா" என்றுதான் சொன்னான். நான்கு முறை புகார் செய்தேன். நான்கு முறையும் 'நெட்வொர்க் மேம்பாட்டுப் பணி நடக்கிறது, 72 மணி நேரத்தில் சரியாகும்' என்று மெசேஜ் வந்ததோடு சரி. வேறு கம்பெனிக்கு மாறுகிறேன் என்றால் 7 மாத வாடகை, ஜிஎஸ்டியோடு 6,195 ரூபாய் கேட்கிறார்கள். "பில் கட்டாம விட்டுடு, அவனே கட் பண்ணிடுவான்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படிச் செய்யலாமா? நம்பர் போய்விடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் பில் கட்டாமல் விட்டால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, உங்களுக்கு நம்பர் போகும். போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கும் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது. இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறு யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். உங்கள் துணிப்பையில் அச்சடித்த நம்பரில் நாளைக்கு வேறு யாரோ 'ஹலோ' சொல்வார். போதாததற்குப் பாக்கி சிபில் எனும் கடன் வரலாற்றுக் கணக்கில் ஏறி, தையல் மெஷினுக்குக் கடன் கேட்கப் போகும்போது எதிரே வந்து நிற்கவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, நம்பரைக் காப்பாற்றிக்கொண்டு நல்ல சிக்னல் உள்ள கம்பெனிக்குப் போவது. இன்னொன்று, அந்த 6,195 ரூபாய். இரண்டையும் ஒரே சண்டையாகப் போடாதீர்கள். முதலில் நம்பரை வெளியே கொண்டுவாருங்கள், பணத்துக்கான சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த 6,195-ஐ ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஏழு மாதம், மாதம் 750, ஆக 5,250. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 945. அதாவது ஏழு மாதமும் இருந்தால் நீங்கள் என்ன கட்டுவீர்களோ, இன்றைக்கே விலகினாலும் அதே தொகை. ஏழு மாதம் சேவை கொடுக்கிற செலவு கம்பெனிக்கு மிச்சம், வருமானம் மட்டும் குறையவில்லை. ஃபேன்சி நம்பரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம், அதை ஈடுகட்டத்தான் ஓராண்டு நிபந்தனை என்பார்கள். சரி, அந்தத் தள்ளுபடி எவ்வளவு? அதைச் சொல்லட்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே, நியாயமான ஈட்டுக்கு மேல் கேட்க முடியாது. கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றமும் நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடு கேட்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அதுவும் ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார் என்ற கேள்வி உங்கள் விஷயத்தில் கூடுதலாக இருக்கிறது. சேவை தர ஒப்புக்கொண்டவர் தரவில்லை, நீங்கள் விலகுகிறீர்கள். இதைக் காட்டத்தான் ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் என்றதும் பெரிதாக எதையோ நினைக்க வேண்டாம். பாதி ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. '72 மணி நேரத்தில் சரியாகும்' என்று வந்த நான்கு மெசேஜும் தங்கம். குறை இருக்கிறது என்பதைக் கம்பெனியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நீங்கள் வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு சுலபமாக ஒப்புதல் வாங்கியிருக்க முடியாது! அவற்றை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே இமெயிலில் அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் அது இருக்கும்.

அடுத்தது மிஸ்டு கால் அலர்ட். கடைக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு ரோட்டுக்கு வரும்போது போன் நடுங்கி நாலைந்து மெசேஜ் ஒன்றன்பின் ஒன்றாக விழுமே, 'இன்ன எண்ணிலிருந்து 11.42-க்கு அழைப்பு' என்று, அதுதான். உங்களுக்கு வராமல் போன கால் உங்கள் பில்லில் தெரியாது. ஆனால் இந்த மெசேஜில் தேதியும் நேரமும் இருக்கும். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்ட வாடிக்கையாளர்களில் இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் போனில் உள்ள கால் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்யாண ஆர்டர் கொடுக்க வந்து கிடைக்காமல் வேறு கடைக்குப் போனவர் யாராவது இருந்தால், வாட்ஸப்பில் அதை இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது உதவும்.

மூன்றாவது, சிக்னல் அளவு. கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை கோடு காட்டுவது என்பது போனுக்குப் போன் மாறும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'அபவுட் போன்', அதற்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில் இருக்கும். எண்ணுக்கு முன் மைனஸ் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். மைனஸ் 120 என்றால் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். காலை, மதியம், மாலை என மூன்று வேளை, கட்டிங் டேபிள் அருகே ஒன்று, வாசலில் ஒன்று, ரோட்டில் ஒன்று என ஒரு வாரம் எடுத்து வையுங்கள். கூடவே உங்கள் சிம்மை வேறு போனில் போட்டும் ஒருநாள் பாருங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்தில் சிக்னல் இல்லை என்று ஆறு மாதம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குறை என் பழைய போனில் இருந்தது. எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு கேள்வியையும் எதிர்பாருங்கள். கடைக்கு மேல் தகரக் கூரையா? தகரம் சிக்னலை நன்றாகவே தடுக்கும். சுவருக்குள் நுழைவதில் எல்லா அலைவரிசையும் ஒன்றுபோல் இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் நுழைகிற அளவுக்கு 2300 நுழையாது. 'குறை உங்கள் கட்டடத்தில்' என்று கைகழுவ அவர்களுக்கு அது ஒரு சாக்கு. ஆனால் அதே கடைக்குள் இன்னொரு கம்பெனி சிம் நன்றாக வேலை செய்தால் அந்தச் சாக்கு அங்கேயே செத்துப்போகும். பக்கத்துக் கடைக்காரரிடம் போனை வாங்கி உங்கள் மேஜையில் உங்கள் போனுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு திரையும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுங்கள். அரை நிமிடம் போதும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு கம்பெனிக்கு மாறினால் மறுபடி 90 நாளுக்கு அங்கிருந்து நகர முடியாது. ஆகவே எந்தக் கம்பெனி உங்கள் கட்டிங் டேபிளில் எடுக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'ஃபுல் டவர்க்கா' என்று இந்த முறையும் ஒரு பையன் வருவான்.

அந்தப் பையன் சொன்னதை நிரூபிக்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறைப்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். உங்கள் கம்பெனியின் வரைபடத்தில் கிருமாம்பாக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் தெருவுக்கும் நிறம் பூசியிருந்தால், பையன் வாயால் சொன்னதைக் கம்பெனி படமாகவே போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதே விதிமுறையில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று இருப்பதாகச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு உதவாது. அது ஒரு மாவட்டத்தில் சேவை முடங்குவதற்கான ஏற்பாடு. ஒரு கடையில் சிக்னல் பலவீனமாக இருப்பது அதில் வராது. புயல் வெள்ளத்தால் முடங்கியதற்கும் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகு என் போனும் நான்கு நாள் ஊமையாகத்தான் கிடந்தது. மாதக் கடைசியில் பில் மட்டும் ஒரு ரூபாய் குறையாமல் வந்து சேர்ந்தது.

இனி புகார். நான்கு முறை சொன்னேன் என்கிறீர்களே, ஒவ்வொன்றுக்கும் புகார் எண் வந்ததா? 198-க்கு அழைத்துப் புகார் பதிந்தால் எண் ஒன்றை மெசேஜில் அனுப்பியே ஆக வேண்டும். எண் இல்லாத புகார் வெறும் பேச்சு. எண் இல்லையென்றால் ஐந்தாவது முறையாக ஒரு புகார் பதியுங்கள். வாய்மொழியோடு நிறுத்தாமல் கம்பெனியின் இமெயிலுக்கும் அனுப்புங்கள். வார்த்தை அலங்காரம் ஒன்றும் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"இன்ன தேதியில் இந்த எண்ணை வாங்கினேன். என் கடை இருக்கும் இடத்தில் இணைப்பு வாங்கிய நாள் முதல் அழைப்புகள் ஒழுங்காக வருவதில்லை. இன்ன தேதிகளில் புகார் செய்தேன், புகார் எண்கள் இவை. ஒவ்வொரு முறையும் 72 மணி நேரத்தில் சரியாகும் என்று நீங்களே பதில் அனுப்பினீர்கள், சரியாகவில்லை. ஆகவே சேவைக் குறைபாட்டின் காரணமாக ஓராண்டு நிபந்தனையிலிருந்து என்னை விடுவித்து, மீதி மாத வாடகை கேட்காமல், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வழிவிட வேண்டும். நான் கையொப்பமிட்ட அல்லது ஓடிபி மூலம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் நகலும் வேண்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விலகும் நிபந்தனை ஒப்பந்தத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை கால் சென்டரில் யாரோ சொன்னதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எண் மாற்ற விதிமுறையில் கம்பெனி மறுப்பதற்கான காரணங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இணைப்பு எடுத்து 90 நாள் ஆகாதது, பில் பாக்கி, உரிமையாளர் பெயர் மாற்றம் நடுவில் நிற்பது என்று போகும். அதில் ஒன்று, ஒப்பந்தத்தில் விலகும் நிபந்தனை இருந்தும் அதைச் சந்தாதாரர் நிறைவேற்றாதது. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், பில்லைக் கட்டிவிட்டு நீங்கள் தாராளமாகப் போகலாம். இருந்தால் நம்பரைப் பிடித்துவைக்க அவர்களிடம் ஒரு கயிறு இருக்கிறது.

புகாருக்குப் பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் முப்பது நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கம்பெனிக்காரரே கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு சொல்வாரா என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. என் அனுபவத்தில் சொல்வதுண்டு. கால் சென்டரில் இருப்பவருக்கு எதையும் தள்ளுபடி செய்யும் அதிகாரமே இருக்காது, மேலே இருப்பவருக்கு இருக்கும். நான்கு புகார் எண்ணும் வீடியோவும் கையில் இருக்கும் ஒருவரோடு ஆறாயிரம் ரூபாய்க்காக மல்லுக்கு நிற்பது லாபமில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்தப் படியிலேயே முடிந்துபோன விவகாரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். டிராய்க்கு நேரடியாக எழுதிப் பயனில்லை, தனி நபர் புகாரை அது விசாரிப்பதில்லை.

இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஓடிவிடும், அதுவரை ஆர்டர் போகுமே என்பீர்கள். அதற்கு ஒரு சின்ன வழி. கடையில் நன்றாக எடுக்கும் கம்பெனியில் மலிவான ப்ரீபெய்ட் சிம் ஒன்று வாங்கி, ஃபேன்சி நம்பரைத் தொடர்புகொள்ள முடியாதபோது அழைப்பு அதற்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் வைத்துவிடுங்கள். போனின் கால் செட்டிங்கில் 'அன்ரீச்சபிள்' என்ற பகுதியில் இருக்கும், இல்லையென்றால் கால் சென்டரில் கேட்டுச் செய்துகொள்ளலாம். உங்கள் போன் எல்லைக்கு வெளியே இருந்தாலும் திருப்பிவிடும் வேலையை நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். யாராவது போன் செய்து 'இந்த நம்பரை ஸ்டார் போட்டு அழுத்துங்கள்' என்றால் மட்டும் செய்யாதீர்கள். அந்த வழியில் பலரின் ஓடிபி திருடப்பட்டதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் ஸ்டார் எண் அடித்துக் காலைத் திருப்பும் முறையை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கடையில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் 'வைஃபை வைத்துக்கொள்ளுங்கள்' என்று கம்பெனி உங்களுக்கு அறிவுரை சொன்னால், அதையும் குறித்து வையுங்கள். மாதம் 750 வாங்கிக்கொண்டு சிக்னலை உங்கள் செலவில் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று பிறகு எடுத்துச் சொல்லலாம்.

இரண்டு மாதம் காத்திருப்பதில் கணக்குப்படி நஷ்டமும் இல்லை. மாதம் வாடகையும் வரியும் 885 ரூபாய் கட்டினால் விலகும் தொகையில் அதே 885 குறைகிறது. இரண்டு மாதம் கழித்து அது 4,425 ஆகிவிடும். ஒன்றுதான், பேசாமல் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பில் கட்டும்போதும் 'புகார் நிலுவையில் உள்ளது, என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்' என்று ஒரு வரி இமெயில் தட்டிவிடுங்கள்.

மேல்முறையீட்டிலும் ஒத்துவரவில்லை, ஒப்பந்தத்தில் நிபந்தனையும் இருக்கிறது என்றால்? அப்போது நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும். அந்தப் பணத்தைக் கட்டுங்கள். ஆட்சேபத்தோடு கட்டுவதாக எழுதிவிட்டுக் கட்டி, நம்பரை வெளியே கொண்டுவந்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடுங்கள். முதலிலேயே வழக்கு ஏன் கூடாது? எண் மாற்றத்தை மறுப்பதற்கான காரணங்களில் 'இந்த எண் நீதிமன்ற விசாரணையில் இருக்கிறது' என்பதும் ஒன்று. உங்கள் வழக்கு பணத்தைப் பற்றியதுதான், எண்ணைப் பற்றியதல்ல என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதம் முடிகிறவரை நம்பர் அங்கேயே கிடக்கும். கல்யாண சீசன் முடிந்துபோகும்.

மாற்றுவது சுலபம். அந்த எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். (கடைக்குள்ளிருந்து அனுப்ப முயற்சி செய்யாதீர்கள், ரோட்டுக்கு வாருங்கள்.) எட்டு எழுத்து கொண்ட ஒரு குறியீடு வரும். நான்கு நாளுக்குத்தான் அதற்கு ஆயுள். அதற்குள் ஆதாரோடு புதிய கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் இரண்டு மாநில நிர்வாகம் என்றாலும் டெலிகாமில் இரண்டுமே தமிழ்நாடு வட்டம்தான் (சர்க்கிள்). மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருப்பது வேறு கதை. ஆகவே கடலூரில் உள்ள கடையிலும் கொடுக்கலாம், கிருமாம்பாக்கத்திலும் கொடுக்கலாம். மூன்று வேலை நாளில் மாறிவிடும். சமீபத்தில் சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் மட்டும் ஏழு நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும். மாறிய பிறகு பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடைசி பில் வரும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டாவிட்டால் புதிய கம்பெனி மூலமாகவே இணைப்பைத் துண்டிக்க வைக்க அவர்களால் முடியும்.

இனி வழக்கு. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம், தொழில் செய்யும் இடத்திலும் போடலாம். அதாவது கடலூர் மாவட்ட ஆணையம், புதுச்சேரி மாவட்ட ஆணையம், இரண்டில் எது உங்களுக்கு வசதியோ அது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

டெலிபோன் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது, நடுவர் (ஆர்பிட்ரேஷன்) முறையில்தான் தீர்க்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2009-இல் கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் 2022 பிப்ரவரியில் அஜய் குமார் அகர்வால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனியார் செல்போன் கம்பெனிக்கு எதிராக நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் சேவை என்பதற்கான விளக்கத்திலேயே டெலிகாம் என்ற சொல் இருக்கிறது.

மனு எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம். 'இந்த ஒப்பந்தமே நியாயமற்றது' என்று முதல் வரியில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாநில ஆணையம்தான் எடுக்க முடியும், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. 'சேவைக் குறைபாடு' என்றும், ஃபுல் டவர் என்று சொல்லி விற்றது 'நேர்மையற்ற வணிக நடவடிக்கை' என்றும் எழுதுங்கள். அது மாவட்ட ஆணையத்திலேயே நிற்கும். இரண்டாவது, 'கடைக்காக வாங்கியது வணிகப் பயன்பாடு, இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். பிழைப்புக்காக நீங்களே உட்கார்ந்து தைக்கிற கடை என்பதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். பில் உங்கள் சொந்தப் பெயரில் இருப்பது நல்லது. கடைப் பெயரில் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கி, வரி வரவும் (பில்லில் கட்டிய ஜிஎஸ்டியைக் கடையின் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் அந்த வாதத்துக்கு நீங்களே கைகொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படி இருந்தால் வழக்குக்குப் போகும் முன் ஒருமுறை என்னிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? கட்டிய விலகல் தொகை, சேவை இல்லாத மாதங்களின் வாடகையில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை. போன ஆர்டர்களுக்கு வாட்ஸப் ஆதாரம் இருந்தால் அதுவும். ஐந்து லட்சம் பத்து லட்சம் என்று எழுதிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள், ஆணையத்தில் உங்கள் மதிப்பைத்தான் அது குறைக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இப்போது பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடாதீர்கள், அது முடிகிறவரை எண் மாற்றம் நின்றுபோகும். பேசாமல் புதிய கம்பெனிக் கடைக்கு அவரையும் ஆதாரோடு அழைத்துப் போங்கள்.